பச்சை ஹவுஸ் ஜெயித்த வருஷம்

மேலகரம் பஸ் ஸ்டாப்பில் தென்காசி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். லேசான சாரல். பக்கத்தில் அரசுப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன். சட்டைப் பையின் மேல் வட்டமாக வெட்டிய அட்டை ஒன்றை ஊக்கால் குத்தியிருந்தான். ஸ்கெட்ச் பேனாவால் ஒரு மலை வரைந்து அதன் கீழ் 'குறிஞ்சி' என்று எழுதியிருந்தது.

"என்னடே இது?"

"எங்க குழு தாத்தா. மகிழ் முற்றம். நான் குறிஞ்சி, எங்க அண்ணன் பாலை."

"யாரு முன்னால நிக்கா?"

"நெய்தல்தான். நாங்க கடேசி."

'கடேசி' என்று அவன் முகத்தைச் சுருக்கிச் சொன்ன விதத்தில் நாற்பது வருஷத்துக்கும் மேலே பின்னால் போய்விட்டேன். பஸ் வந்தது, அவன் ஏறிப் போனான். நான் அடுத்த வண்டிக்கு நின்றேன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய திட்டம் அது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். ஹவுஸ் என்ற ஏற்பாடு பழையதுதான். ஊட்டிப் பக்கம் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் நீலகிரி, விந்தியா, ஆரவல்லி, சிவாலிக் என்று மலைகளின் பெயர்கள். அமராவதிநகர் சைனிக் பள்ளியில் சேர, சோழ, பாண்டிய, பல்லவ. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் இல்லம் என்பார்கள். அங்கே இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் பழைய மாணவர்கள்கூட வந்து நிற்பார்கள். தென்காசியில் நாங்கள் படித்த ஆண்கள் பள்ளியில் மலையும் இல்லை, மன்னரும் இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. அவ்வளவுதான். ஒரு கஜம் ரிப்பன் வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டால் ஹவுஸ் ஆகிவிடும்.

பிரித்த விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், பி.டி. சார் எங்களை மைதானத்தில் ஒரே வரிசையாக நிறுத்தினார். சேர்ந்து வந்தவன் சேர்ந்தே நிற்பான் இல்லையா? ஒரே தெருக்காரன், ஒரே சொந்தக்காரன், ஒரே பஸ்ஸில் வந்தவன் எல்லாம் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றோம். சார் விசிலை ஊதி, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு சொல்லிக்கிட்டே போங்கடே" என்றார். சொல்லி முடித்ததும் ஒன்று எல்லாம் சிவப்பு, இரண்டு எல்லாம் நீலம் என்று நிறுத்தினார். பக்கத்தில் நின்றவன் எவனும் என்னோடு வரவில்லை. நாலாவது தள்ளி நின்ற, பேர் தெரியாத ஒருவன் வந்து என் பக்கத்தில் நின்றான். அவர் அதை வேண்டுமென்றே செய்தாரா, வழக்கமாகச் செய்தாரா என்று கேட்டதில்லை. வேண்டுமென்றேதான் செய்திருப்பார் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்கு எந்தப் பையன் எவனோடு ஒட்டிக்கொள்வான், ஏன் ஒட்டிக்கொள்வான் என்பது தெரியாமல் இருக்காது.

இப்படித்தான் ஆயிரப்பேரிக்காரனும் இலஞ்சிக்காரனும் சுந்தரபாண்டியபுரத்துக்காரனும் வல்லத்துக்காரனும் நானும் பச்சை ஆனோம். அப்போது யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் குறைவு. ஊர்தான் பேர். நான் மேலகரத்தான்.

பச்சை ஹவுஸ் எப்போதும் கடைசி. ஓட்டக்காரர்கள் சிவப்பில், பந்துக்காரர்கள் நீலத்தில், படிப்பாளிகள் மஞ்சளில் என்று எப்படியோ அமைந்துவிட்டது. தாழ்வாரத்தில் ஒரு கரும்பலகை உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் டிராயிங் சார் அந்தந்த நிறச் சாக்பீசில் புள்ளிகளை எழுதுவார். பச்சைச் சாக்பீஸ் தேயவே தேயாது என்று மற்ற ஹவுஸ்காரர்கள் சொல்வார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் நிலைமை மாறியது. பிளஸ் டூ என்ற படிப்பு 1978-ல் வந்து, பள்ளியில் பெரிய அண்ணன்மார் நடமாடத் தொடங்கிய காலம். அப்படி ஒரு பிளஸ் டூ அண்ணன், ஆயிரப்பேரிக்காரர், எங்களுக்குக் கேப்டனாக வந்தார். விவசாயக் குடும்பம். காலையில் வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர். முதல் கூட்டத்தில் அவர் விளையாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, எதற்கெல்லாம் புள்ளி உண்டு என்று பி.டி. சாரிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார். எழுதிப் பார்த்தால், போட்டிகளில் முதலிடத்துக்கு ஐந்து, இரண்டாமிடத்துக்கு மூன்று, மூன்றாமிடத்துக்கு ஒன்று என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் தாமதமாக வராமல் இருந்தால் வாராவாரம் புள்ளி, தோட்டத்துக்குப் புள்ளி, பிரேயரில் வரிசைக்குப் புள்ளி, வகுப்பறைச் சுத்தத்துக்குப் புள்ளி என்று இருந்ததை யாரும் கண்டுகொண்டதே இல்லை.

"ஓடத்தான் ஆளில்லை. நேரத்துக்கு வரதுக்குமா ஆளில்லை?" என்றார் அண்ணன்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். மேற்கே மலை தெரியாது. காற்று தென்காசிக் கோபுரத்தடியில் ஆளைத் தள்ளும். பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோபுரம் அப்போது பிளந்து மொட்டையாக நின்றது; இன்று காணும் கோபுரம் 1990-ல்தான் எழுந்தது. அந்தச் சாரலில் குடை நிற்காது. கோணிச் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வருவோம். தாமதம் எல்லாம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் நடக்கும் என்று நோட்டைப் பார்த்து அண்ணன் கண்டுபிடித்தார். மழையில் ஒவ்வொருவனும் தனியாகக் கிளம்பினால் ஒதுங்கிவிடுவான், கூட்டமாகக் கிளம்பினால் ஒதுங்கமாட்டான் என்பது அவர் கணக்கு.

ஆகவே குற்றாலத்துப் பையன் முதலில் கிளம்புவான். காசிமேஜர்புரத்தில் ஒருவன், நன்னகரத்தில் இருவர், மேலகரத்தில் நாங்கள் என்று வழியெல்லாம் சேர்ந்துகொண்டு போவோம். பஸ்ஸுக்குக் காசு இருக்கிறவனும் இறங்கி நடந்தான். இலஞ்சிக்காரர்கள் அவர்கள் வழியாக, வல்லத்துக்காரர்கள் அவர்கள் வழியாக இப்படியே வந்தார்கள். மணி அடிக்கும்போது பச்சை ரிப்பன் மொத்தமும் மைதானத்தில் நனைந்து நிற்கும். கேட்டில் நின்ற தலைமையாசிரியர் ஒருநாள் எங்களைப் பார்த்து, "எல்லாரும் உள்ளே வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் அதற்கு மேல் யாரையும் பாராட்டியதில்லை.

தோட்டத்துக்கு அண்ணன் வீட்டுத் தொழுவத்து உரம் சாக்கில் வந்து இறங்கியது. மற்ற ஹவுஸ்கள் கனகாம்பரமும் செம்பருத்தியும் வைத்திருந்த இடத்தில் நாங்கள் கத்தரி போட்டோம். காய்த்ததும் ஆசிரியர் அறையில் விற்றுப் புது ரிப்பன் வாங்கினோம். காலாண்டுப் பரீட்சை நேரத்தில் தாழ்வாரப் பலகையில் பச்சை முதலிடத்தில் இருந்தது. எங்களில் ஒருவன்கூட அதுவரை ஒரு ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்திருக்கவில்லை. அந்தப் பலகையைப் பார்க்க இடைவேளைதோறும் போய் நிற்போம். எதையும் ஜெயிக்காத பையனும் நேரத்துக்கு வந்து, பாத்தியில் களை பறித்து, ஹவுஸுக்கு ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்க முடிந்ததே, அதைத்தான் அந்த வருஷத்தின் முதல் சாதனையாக இன்றும் வைத்திருக்கிறேன். கோப்பைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அரையாண்டுக்கு முன்னால் இலக்கிய மன்றப் போட்டிகள் வந்தன. நாடகத்துக்கு மட்டும் பத்துப் புள்ளி. தமிழ் ஐயா ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஒரு கதை சொல்வார். எங்களுக்குக் குற்றாலக் குறவஞ்சி. என்னைப் பார்த்து, "உங்க ஊர்க்காரர் பாடினது. நீங்க போடாட்டா யார் போடுவா?" என்றார். திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்தில் பிறந்தவர் என்பதை அன்றுதான் நன்றாகக் காதில் வாங்கினேன். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அந்த நூலுக்குப் பரிசாகக் கொடுத்த நிலம்தான் குறவஞ்சி மேடு என்றும் ஐயா சொன்னார். அந்தப் பெயரை வயலுக்குப் போகிறவர்கள் வாயில் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டுக்கு நிலம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் பெரிய ஆச்சரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய்ச் சித்திர சபையில் சுவரோவியங்களைக் காட்டினார். வெளியே வந்ததும் குற்றாலநாதர் உலா வந்த வீதி, கதாநாயகி வசந்தவல்லி பந்தடித்த இடம் என்று கதையை அந்தத் தெருக்களிலேயே நடத்திக் காட்டினார். ஐந்தாறு மாதம் பாடப் புத்தகத்தில் படித்திருந்தாலும் அப்படி மனசில் நின்றிருக்காது. ரசிகமணி டி.கே.சி. இதே குற்றாலத்தில் உட்கார்ந்து நண்பர்களுக்குக் கவிதை சொல்லிச் சொல்லி ரசிக்கவைத்தார் என்பதைப் பிற்பாடு படித்தபோது எங்கள் ஐயா முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஒத்திகை எங்கள் வீட்டுத் திண்ணையில். பள்ளிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருந்த வீடு என்பதால் அண்ணன் அப்படி முடிவு செய்தார். ஆச்சி முதல் நாளே ஒவ்வொருவனையும் விசாரித்தாள்.

"நீ யாரு வீட்டுப் பிள்ளைடே? எந்தத் தெரு?"

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் தெருவைச் சொன்னால் போதும், வேறு எதையும் கேட்க வேண்டாம். பையன்கள் ஊரைச் சொன்னார்கள், தெருவைச் சொன்னார்கள். அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் பச்சை ஹவுஸ் ஆச்சி" என்றார்.

எங்களோடு மேலகரத்துப் பையன் இன்னொருவன் இருந்தான். வயக்காட்டை ஒட்டிய தெரு. அவனும் பச்சைதான். ஆனால் மூன்று வருஷம் ஒரே ஹவுஸில் இருந்தும் அவன் பேசிக் கேட்டதில்லை. நாடகத்தில் குறவன் சிங்கனின் கூட்டாளி நூவனாக அவன் நடித்ததால் பிறகு எல்லாரும் நூவன் என்றே கூப்பிட்டோம். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

ஆச்சி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளர்கள். நூவனுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு பித்தளை டம்ளர் வந்தது. அவன் குடித்தான், வாசல் குழாயில் கழுவினான், திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைத்தான். அவனுக்கு அது பழக்கமாயிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தன் காபியைக் குடித்து முடித்தார். எழுந்து குழாயடிக்குப் போய்த் தன் டம்ளரைக் கழுவி, நூவனின் டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். இலஞ்சிக்காரன் எழுந்தான். வல்லத்துக்காரன் எழுந்தான். என் வீட்டில் நான் டம்ளர் கழுவியதே கிடையாது, நானும் எழுந்தேன். திண்ணை ஓரத்தில் எல்லா டம்ளர்களும் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன.

மறுநாள் வேறொரு காரியம் நடந்தது. அண்ணன் தட்டிலிருந்து பித்தளை டம்ளரை எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் இலஞ்சிக்காரன் எடுத்தான். அதற்குப் பிறகு ஆச்சி பித்தளை டம்ளரைக் கொண்டு வருவதை விட்டுவிட்டாள். அவள் மனசு மாறிவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். நூவன் கடைசிவரை எங்கள் வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆனாலும் அந்தத் திண்ணையில் நடந்தது எனக்குப் பெரிய விஷயம். அந்த அண்ணனுக்குப் பதினேழு வயது இருக்கும். ஒரு சொல் பேசாமல் அதைச் செய்தார்.

நாடகத்தன்று இலஞ்சிக்காரன்தான் குறத்தி சிங்கி. அவன் அப்பா கோயிலில் தேவாரம் பாடுகிறவர். பையனுக்குக் குரல் வாய்த்திருந்தது. என் அத்தையின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அவன் மலைவளம் பாடியபோது கூட்டம் அசையவில்லை. ஆனால் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியவன் நூவன்தான். சிங்கனும் நூவனும் கண்ணி வைத்துப் பறவைக்குக் காத்திருக்கும் இடம். ஒத்திகையில் வெறும் வசனமாக இருந்தது அது. மேடையில் அவன் தரையில் படுத்து, கையை வாயில் குவித்து, முதலில் ஆக்காட்டி மாதிரி கூவினான். பிறகு கவுதாரி. பிறகு செம்போத்தின் அந்த அடித்தொண்டைச் சத்தம். அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பி, தூரத்திலிருந்து இன்னொரு கவுதாரி பதில் சொல்வதுபோல மெல்லக் கூவினான். பின்வரிசைப் பையன்கள் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் தாத்தாவோடு வயலில் கிடந்து கற்றது அதெல்லாம். மூன்று வருஷமாகப் பேசாதவனிடம் இவ்வளவு இருந்திருக்கிறது. தமிழ் ஐயா மேடைக்கு வந்து அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பத்துப் புள்ளியும் எங்களுக்கு.

இதை எழுதும்போது இன்றைய செய்திகளை ஒதுக்கி வைக்க முடியவில்லை. எங்கள் திருநெல்வேலிச் சீமைப் பள்ளிகளில் பையன்கள் சாதிக்கொரு நிறத்தில் மணிக்கட்டில் கயிறு கட்டுகிறார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் பார்த்தே யார் எவர் என்று தெரிந்துகொள்கிறார்கள். 2019-ல் பள்ளிக் கல்வித் துறை இதைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தடை வேண்டும்தான். ஆனால் கயிற்றை அறுத்துவிட்டு அந்த மணிக்கட்டை வெறுமனே விட்டால் போதாது என்று நினைக்கிறேன். அந்த வயதில் பையனுக்கு ஒரு நிறம் வேண்டும், தன் கூட்டம் என்று சொல்ல ஒன்று வேண்டும். எங்களுக்கு அதை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் கொடுத்தார்கள். பிறப்பைப் பார்த்துக் கொடுக்கவில்லை. குறிஞ்சிப் பையனின் அட்டையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதனால்தான். ஆசிரியர்கள் அதை மனசோடு நடத்தினால், வாரந்தோறும் ஒரு பலகையில் எழுதினால், அதற்குப் பலம் உண்டு. பெயருக்கு நடத்தினால் அட்டையோடு போய்விடும்.

பொங்கல் கழிந்து விளையாட்டு விழா. நான் அதை ஓட்டம் ஓட்டமாகச் சொல்லப் போவதில்லை. தொடர் ஓட்டத்தில் சிவப்பு ஜெயித்தது, கபடியில் நீலம். சுந்தரபாண்டியபுரத்துக்காரன் மட்டும் வெறுங்காலோடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதலில் வந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றினான். அவனைப் பிறகு பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கும் பி.டி. சார் கூட்டிப் போனார். மீட்டர் கேஜ் ரயிலில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவன் எட்டிப் பார்த்துக்கொண்டே போனானாம். அதுவரை ரயில் ஏறியதில்லை.

கடைசி நிகழ்ச்சி வடம் இழுத்தல். அதற்குள் சிவப்பு எங்களைத் தாண்டிவிட்டது. அண்ணன் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தபோது பெரிய உடம்புக்காரர்களை விட்டுவிட்டார். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவன், செங்கல் சூளையில் லீவு நாளில் வேலைக்குப் போகிறவன், தேர் வடம் பிடித்துப் பழகியவன் என்று பார்த்து எடுத்தார். "கையால இழுக்காதீங்கடே. கை சும்மா பிடிச்சிருக்கட்டும். குதிங்காலை ஊனிப் பின்னால சாயுங்க. அவங்க இழுத்துக் களைக்கட்டும். நான் சொல்லும்போது எல்லாரும் சேர்ந்து ஒரு அடி. ஒரே ஒரு அடி." கடைசி ஆளாக வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு நூவன். சிவப்புக்காரர்கள் முதல் விசிலிலேயே மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். நம்மாட்கள் சாய்ந்தபடி கிடந்தார்கள். நடுவில் கட்டிய கைக்குட்டை அசையவே இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. அண்ணன் "ஏய்!" என்றார், ஒரு அடி வந்தது. மறுபடி "ஏய்!" இன்னொரு அடி. மூன்றாவது அடியில் எதிர்வரிசை குலைந்தது.

நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஷீல்டு எங்களுக்கு வந்தது. தேக்குப் பலகையில் வெள்ளித் தகடு பதித்த ஷீல்டு. வழக்கமாகத் தலைமையாசிரியர் அறை அலமாரியில்தான் இருக்கும். அண்ணன் போய் விடாமல் கேட்டார், ஆபீஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி, மறுநாள் காலையில் பள்ளிக்கு வந்து அடுத்தவன் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரப்பேரிக்குப் போயிற்று. வல்லத்துக்குப் போயிற்று. இலஞ்சியில் குமாரர் கோயில் வாசலில் வைத்து எடுத்துப் போனார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆச்சி அதை அரிசி டிரம்மின் மேல் வைத்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

எனக்கு அடுத்து நூவன் வீடு. மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் ஷீல்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நானே போனேன். தெருமுனையில் யாரோ வீட்டைக் காட்டினார்கள். அவன் அம்மா துண்டைப் பிரித்து, தகட்டின் நடுவில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தாள். அவன் போர்வைக்குள் உட்கார்ந்தபடியே அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டான். அவித்த பனங்கிழங்கை நார் உரித்து எனக்கு ஒரு தட்டில் கொடுத்தார்கள். தாத்தா வந்து, நான் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். எங்கள் தாத்தாவைத் தெரியும் என்றார், எங்கள் வயலில் நாற்று நட்ட கதையெல்லாம் சொன்னார். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது கவுதாரிச் சத்தம் எப்படி எழுப்புவது என்று எனக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தெரு பத்து நிமிஷ நடை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளி, ஒரே ஊர். அன்றைக்குத்தான் முதல்முறையாக அங்கே போயிருந்தேன்.